விமானத்தைக் கட்டி இழுக்குமுன்

2021 ஜூன் 18 காலை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 787 ஒன்று பிராங்ஃபர்ட்டுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்றது. அதன் கணினி காட்டிய சில பழுதுக் குறிப்புகளைச் சரிசெய்யப் பராமரிப்புக் குழு வந்திருந்தது. விமானம் தரையில் நிற்கும்போதே, சக்கரங்களை மடக்கும் கைப்பிடியை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அந்த வேலையில் ஒரு படி. கால்கள் மடங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சக்கரக் காலிலும் ஓர் ஆணியைச் செருகியிருந்தார்கள். கைப்பிடி மேலே போனது. பின்கால்கள் இரண்டும் அசையவில்லை. முன்கால் மடங்கியது, விமானத்தின் மூக்கு தரையில் இறங்கி மோதியது. உள்ளே இருந்த துணை விமானிக்கும், சரக்கு ஏற்றிய குழுவில் ஒருவருக்கும் சிறு காயம்.

முன்காலிலும் ஆணி இருந்தது. ஆனால் பக்கத்துத் துளையில் இருந்தது. குழுவின் தலைமை மெக்கானிக்குக் கை எட்டவில்லை. படிமேடையில் நின்ற இன்னொரு மெக்கானிக்கிடம் கீழிருந்து விரலால் துளையைச் சுட்டிக்காட்டினார். மேலே நின்றவர் கண்ணுக்கு அருகருகே இரண்டு துளைகள். ஆணி தவறான துளைக்குள் போய் உட்கார்ந்தது. பார்ப்பதற்குச் சரியாகச் செருகியது போலவே இருந்தது. இப்படி ஒரு குழப்பம் நேரலாம் என்று தெரிந்து, அந்தத் துளையை அடைத்துவிடும்படி அதற்கு முன்பே உத்தரவு வந்திருந்தது. செய்து முடிக்க 36 மாத அவகாசம். இந்த விமானத்தின் முறை இன்னும் வரவில்லை.

அன்று அங்கே யாரும் விமானத்தை இழுக்கவில்லை. ஆனாலும் இழுவையைப் பற்றிப் பேச இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விமானத்தைக் கொக்கி மாட்டி வேறிடத்துக்கு இழுத்துச் செல்லுமுன் செருகும் ஆணிகளில் ஒன்றுதான் அது. எஞ்சின் அணைந்து, உள்ளே விளக்கும் அணைந்து இருட்டில் நிற்கும் விமானத்தைப் பார்த்தால் வெறும் அலுமினியக் கூடு போலத் தோன்றும். அதன் குழாய்களில் அழுத்தம் தேங்கியிருக்கலாம். அதன் கால்கள் மடங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அதன் முன்சக்கரத்தைத் திருப்பும் விசைக்கு ஆளின் காலை முறிக்கும் வலு உண்டு. இவற்றில் எதை உறங்க வைப்பது, எதை விழித்திருக்கச் செய்வது என்று தீர்மானித்து ஒவ்வொன்றாகச் செய்வதுதான் இழுவைக்கான தயாரிப்பு.

சென்னையில் ஏரோபிரிட்ஜ் வழியாக ஏறி உட்கார்ந்த எவரும் இழுவையின் ஒரு பாதியைப் பார்த்திருப்பார்கள். மூக்கைக் கட்டடத்தை நோக்கி வைத்து நிற்கும் விமானத்தை, தட்டையான ஒரு வண்டி பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். ஊழியர்கள் இதைப் புஷ்பேக் என்பார்கள். எஞ்சின் விசையை எதிர்த்திசையில் திருப்பிப் பின்னால் போக முடியாதா என்றால், சில விமானங்களால் முடியும். ஆனால் அப்போது கிளம்பும் காற்று, கல்லையும் தூசியையும் வாரிக் கட்டடத்தின் மீதும் ஆட்கள் மீதும் வீசும். கிளம்பிய தூசியை எஞ்சினே விழுங்கும். அதனால் வண்டியே மேல். மற்றொரு பாதி பயணிகள் கண்ணில் படுவதில்லை. கடைசி விமானம் வந்து இறங்கிய பிறகு, ஆளில்லாத விமானத்தை ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கோ பராமரிப்புக் கூடத்துக்கோ, ஓடுபாதையைக் கடந்துகூட, இழுத்துச் செல்வார்கள். அதிகத் தயாரிப்பு இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

எவ்வளவு பாரம் அது? பயணிகளோடு கிளம்பும் ஏர்பஸ் ஏ320-ஐ 70 டன் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது டயர்களின் எதிர்ப்பு, எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்குதான். ஏறக்குறைய ஒரு டன் விசை இருந்தால் போதும், விமானம் நகரும். நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் மழைநீர் வடிவதற்காக, நிறுத்துமிடத்தின் தரையை நூற்றுக்கு ஒன்று வரை சரிவாக அமைக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு, 70 டன் விமானத்தை 700 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். டயர் எதிர்ப்புக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. பின்னாலிருந்து கொஞ்சம் காற்று தள்ளினாலே கணக்கு மாறிவிடும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

இழுவை வண்டி தன் எஞ்சினின் வலுவால் மட்டும் இழுத்துவிட முடியாது. அதன் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம் எவ்வளவோ அவ்வளவுதான் இழுக்கும். பிடிமானம் எடையைப் பொறுத்தது. அதனால்தான் அந்த வண்டிகளை வேண்டுமென்றே கனமாகச் செய்கிறார்கள். ஈரத்தரையில் பிடிமானம் பாதியாகக் குறையலாம். அதே வண்டி, அதே விமானம். ஐப்பசி மழையில் வேறு கணக்கு. வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் விமானத்தை நிறுத்துவதைவிட, 20 கிலோமீட்டரில் உருள்வதை நிறுத்த 16 மடங்கு ஆற்றலை உறிஞ்ச வேண்டும். ஏ320-ஐ வண்டியோடு நீண்ட இரும்புக் கம்பியால் இணைத்து இழுக்கும்போது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது உச்ச வரம்பு. அருகில் ஆட்களும் வண்டிகளும் இருக்கும் இடத்தில் நடைவேகமே சரி.

முதலில் உறங்க வைக்க வேண்டியது முன்சக்கரத்தின் திருப்புவிசையை. தரையில் ஓடும்போது விமானி ஒரு சிறிய கைச்சக்கரத்தைத் திருப்பினால், ஹைட்ராலிக் அழுத்தம் முன்சக்கரத்தைத் திருப்புகிறது. ஏ320, போயிங் 737 போன்றவற்றில் அந்த அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. நம் கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. இழுக்கும்போது முன்சக்கரத்தைத் திருப்புவது இழுவை வண்டியின் வேலை. அந்த நேரத்தில் விமானத்துக்குள்ளும் ஒரு விசை அதே சக்கரத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தால், நடுவே மாட்டியிருக்கும் நீண்ட இரும்புக் கம்பி சாட்டை போலப் பக்கவாட்டில் வீசும். அருகில் நிற்பவரின் முழங்கால் உயரத்தில் இருக்கும் கம்பி அது.

இதைத் தடுக்க முன்காலில் ஒரு சிறிய நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பி வைத்து, மறுபடி பழைய இடத்துக்கு வராதபடி ஓர் ஆணியைச் செருகுவார்கள். பைபாஸ் பின் என்பது அதன் பெயர். நீளமான சிவப்புத் துணிப்பட்டை அதில் தொங்கும். 737-இல் இந்த நெம்புகோல் திருப்புக் கருவிக்குப் போகும் ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றிவிடுகிறது. ஏ320-இல் அது மின்வழியாகத் திருப்பு முறையைத் துண்டிக்கிறது. விமானி அறைத் திரையில் பச்சை எழுத்தில் அறிவிப்பு வரும். பின்னால் தள்ளும்போதே எஞ்சினை இயக்கிவிட்டால் அந்த எழுத்து மஞ்சளுக்கு மாறும். ஆணி இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை, மறந்துவிடாதே என்று பொருள்.

கால்களை மடங்காமல் வைப்பது வேறு வகைப் பூட்டு. பந்தியில் போடும் மடக்கு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். காலை விரித்து, குறுக்கே உள்ள தாங்குகம்பியை நேராக்கி, இன்னும் சற்று அழுத்தினால் 'டக்'கென்று நேர்கோட்டைத் தாண்டி உட்காரும். அதன் பிறகு மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் அது மேலும் இறுகுமே தவிர மடங்காது. விமானத்தின் காலும் ஏறத்தாழ அப்படித்தான் நிற்கிறது. சுருள்வில்கள் அந்தப் பூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் மேசையைப் போலன்றி, அந்தப் பூட்டைத் திறப்பதற்கென்றே ஒரு ஹைட்ராலிக் கை பக்கத்தில் காத்திருக்கிறது. கியர் பின் எனப்படும் ஆணி, பூட்டு நேர்கோட்டைத் தாண்டித் திரும்பி வரும் வழியை அடைக்கிறது. மாட்டுவண்டியின் கடையாணி சக்கரத்தைக் கழலவிடாமல் வைப்பது போல, சிறிய ஒன்று பெரிய ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹீத்ரோவில் அந்த ஆணி வழியை அடைக்காத ஒரு துளையில் போய் இருந்தது. ஆணி செருகிய பிறகு அதைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும், செருகாத இன்னொருவர் வந்து பார்ப்பதும் வெறும் சடங்கென்று எனக்குத் தோன்றுவதேயில்லை.

இனி விழித்திருக்க வேண்டியது: பிரேக். பல இடங்களில் இதைத்தான் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஹைட்ராலிக் பம்புகளும் ஓடுவதில்லை. அப்போது விமானத்தின் பிரேக் எதை நம்பி இருக்கிறது? ஒரு கனமான உலோகக் குடுவையை. ஊழியர்கள் அதை அக்யுமுலேட்டர் என்பார்கள். குடுவைக்குள் ஒரு பிஸ்டன். அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் ஹைட்ராலிக் திரவம். பம்பு ஓடும்போது திரவம் உள்ளே நுழைந்து வாயுவை நெருக்கும். 737-இல் வாயுவை 1000 பி.எஸ்.ஐ. அளவுக்கு முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். திரவம் புகுந்து முழு அழுத்தம் ஏறியதும் அது 3000-ஐத் தொடும். பம்பு நின்ற பிறகும் நெருக்குண்ட வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கையை எடுத்ததும் கைப்பிடி திரும்பி எழும். அதே எழுச்சிதான் இங்கே பிரேக்கை அழுத்துகிறது.

சேமிப்பு என்றால் செலவும் உண்டு. ஏ320-இல் அது குறைந்தது ஏழு முறை முழுமையாகப் பிரேக் அழுத்தப் போதும். நிறுத்து பிரேக்கை 12 மணி நேரமாவது பிடித்து வைக்கும். இரண்டு நாள் சும்மா நின்ற விமானத்தில் அழுத்தம் மெல்லக் கசிந்து இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் விமானி அறையில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பலமாகப் பெடலை மிதித்தாலும் கீழே எதுவும் நடக்காது. அதனால் இழுக்குமுன் ஒருவர் மேலே ஏறி, பிரேக் அழுத்த முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மின் பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுமுன் கீழே இருப்பவர்களிடம் சொல்லி, எல்லாரும் விலகினார்களா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்றை எழுப்பப் போனால் உடன்பிறந்தவையும் எழும்: இறக்கையின் அசையும் பலகைகளுக்கும் அதே திரவம்தான் வலு கொடுக்கிறது.

இழுவை நடக்கும் நேரம் முழுவதும் விமானி அறையில் ஓர் ஆள் இருப்பார். பெரும்பாலும் பயிற்சி பெற்ற மெக்கானிக். அவருடைய வேலை, பிரேக்கைத் தொடாமல் இருப்பது. வண்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது இவர் பிரேக்கை மிதித்தால் முழு விசையும் முன்காலில் இறங்கும். ஆனால் கம்பி கழன்றுவிட்டால் அடுத்த நொடியே பிரேக்குக்குப் பொறுப்பு அவர் மட்டும்தான். எதிரே இழுவை வண்டி இருக்கிறது, அதில் ஓட்டுநர் இருக்கிறார். ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல், ஒரு நொடியும் கவனம் சிதறாமல் இருப்பது எளிய வேலையே இல்லை.

கம்பி கழலுமா? கழல வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். டோ பார் எனப்படும் இழுகம்பியின் தலைப்பகுதியில் சில சிறு ஆணிகள் உண்டு. அளவுக்கு மீறி இழுத்தாலோ முறுக்கினாலோ அவை அறுந்துவிடும். வீட்டில் மின்னோட்டம் மிஞ்சினால் ஃபியூஸ் போவது போலத்தான். சிறு ஆணி போனாலும் போகட்டும், முன்கால் தப்பட்டும் என்ற ஏற்பாடு. அறுந்த இடத்தில் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டு மாட்டுவது, ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவதற்குச் சமம். அதன் பிறகு முதலில் முறிவது முன்காலாக இருக்கும்.

திருப்புவதற்கும் எல்லை உண்டு. ஏ320-இல் விமானி கைச்சக்கரத்தால் முன்சக்கரத்தை 75 பாகை வரை திருப்பலாம். இழுக்கும்போது 95 பாகை வரை போகலாம். அதைத் தாண்டினால் உள்ளே உள்ள திருப்புக் கருவி நொறுங்கும். 737-இல் 78 பாகைக்கு மேல் திருப்ப வேண்டுமென்றால், முன்காலில் கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எல்லை எதுவரை என்று முன்கால் கதவில் சிவப்புக் கோடு இருக்கும். கம்பியில்லாமல், முன்சக்கரத்தையே கவ்வித் தூக்கிக்கொள்ளும் நவீன வண்டிகளில் அறுந்து காப்பாற்றும் சிறு ஆணி கிடையாது. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். விமானம் மேலே எழும்பியதும் முன்சக்கரம் கோணலாக இருந்தால் அதன் அறைக்குள் மடங்காது. அதனால் முன்கால் முழுதாக நீளும்போது, உள்ளே இருக்கும் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று பொருந்திச் சக்கரத்தை நேராக்கிப் பூட்டிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். வானத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் தரையில் விமானத்தின் பின்பகுதியில் மட்டும் பாரம் கூடிவிட்டால் மூக்கு தூக்கும், முன்கால் நீளும், விமானம் தான் பறப்பதாக எண்ணிச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வண்டி திருப்பினால் உள்ளே இருப்பது உடையும். இழுக்குமுன் முன்காலின் பளபளக்கும் தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று குனிந்து பார்ப்பது இதற்காக. வால் பக்கப் பாரம் சில விமானங்களுக்குப் பெரிய தலைவலி. தூத்துக்குடிக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தில் பயணிகள் பின்கதவு வழியாக ஏறுவதால், வால் தரையில் சாயாதபடி கீழே ஒரு முட்டுக்கழி வைப்பார்கள். விமானம் அசையுமுன் அதை எடுத்தாக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சக்கரத்தின் அருகே. ஆனால் இழுவையில் அதிகம் அடிபடுவது தொலைவில் இருக்கும் இறக்கை நுனி. 2024 ஏப்ரல் 6 அன்று, அதே ஹீத்ரோவில், பயணிகளை இறக்கிவிட்டு இழுத்துச் செல்லப்பட்ட வர்ஜின் அட்லாண்டிக்கின் காலி 787, நின்றிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் மீது இறக்கை நுனியை உரசியது. 787-இன் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 60 மீட்டர். இழுவை வண்டியின் ஓட்டுநர் மூக்குக்குக் கீழே, தரைமட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். இறக்கை நுனி அவருக்கு வெகு பின்னால், வெகு உயரத்தில். அரசுப் பேருந்து குறுகிய தெருமுனையில் திரும்பும்போது அதன் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வீசி வருவதைப் பார்த்து விலகி நின்றிருப்போம். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் அப்படியே. திருப்பத்தில் நுனி உள்ளே ஒதுங்காமல் இன்னும் வெளியே விரிந்து வரும். நேராகப் போனால் கடந்துவிடக்கூடிய இடைவெளி, திரும்பும்போது போதாமல் போகலாம். அதனால்தான் நெருக்கமான இடங்களில் இரு நுனிகளுக்கும் அருகே கையில் ஒளிக்கோலோடு ஆட்கள் நடக்கிறார்கள். விங் வாக்கர் என்று பெயர். அவர்களில் ஒருவர் கண்ணில் படவில்லையென்றாலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும்.

இந்த வேலையில் ஆட்கள் சாகவும் செய்கிறார்கள். 2015 டிசம்பர் 16 இரவு, மும்பையில் ஹைதராபாத்துக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ஏ319 பின்னால் தள்ளப்பட்டிருந்தது. தரையில் நின்றவர்கள் விலகுமுன்பே விமானம் நகரத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், அருகில் நின்ற தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டது. காதில் ஹெட்செட் மாட்டிய ஒருவருக்குப் பின்னால் நெருங்கும் எஞ்சினின் சத்தம் தனியாகக் கேட்பதில்லை என்பதை, இந்த வேலையைப் பார்க்காத நாம் நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம். இழுகம்பியைத் தாண்டிக் காலை வைக்காதே, வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்காதே, எஞ்சினுக்கு முதுகைக் காட்டாதே என்று புதிதாக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் விதிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருக்கின்றன.

முட்டுக்கட்டையை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. மின்கம்பி, படிக்கட்டு, சுற்றி வைத்த கூம்புகள் எல்லாம் விலகி, கதவுகள் மூடி, ஆணிகள் செருகி, பிரேக் அழுத்தம் பார்த்து, இழுவை வண்டியை மாட்டிய பிறகே கட்டையை எடுக்க வேண்டும். மாட்டுமுன் எடுத்தால், பிரேக் ஒன்றை மட்டுமே நம்பி எழுபது டன் நிற்கும். பிறகு தரைக் கட்டுப்பாட்டிடம் வானொலியில் அனுமதி. விமானத்தின் சிவப்புச் சுழல்விளக்கு எரிய வேண்டும். அதன் பிறகு நிறுத்து பிரேக் விடுவிப்பு. போய்ச் சேர்ந்ததும் இதே வரிசை தலைகீழாக: பிரேக், கட்டை, கடைசியில்தான் வண்டியைக் கழற்றுவது.

டெல்லியில் 2019 அக்டோபரில் ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்று, டாக்ஸிபாட் என்ற வண்டியின் உதவியோடு பயணிகளுடன் புறப்பட்டது. பின்னால் தள்ளுவதை ஓட்டுநர் செய்கிறார். அதன் பிறகு விமானி தன் கைச்சக்கரத்தைத் திருப்ப, முன்சக்கரம் நிற்கும் மேடையும் உடன் திரும்பி, வண்டி அவர் சொற்படி போகிறது. எஞ்சினை ஓட்டாமலே ஓடுபாதை வரை போய்விடலாம் என்பதால் எரிபொருள் மிச்சம். நான் கவனித்தது வேறொன்றை. வழக்கமான இழுவையில் எந்தத் திருப்புவிசையை உறங்க வைக்கப் பாடுபடுகிறோமோ, இங்கே அதுவே விழித்திருந்து வழிநடத்த வேண்டும். வண்டி மாறினால், செருகும் ஆணிகளின் கணக்கும் மாறும். பழகிய கைகள் புதிய வண்டியின் முன்னும் பழைய பழக்கத்திலேயே போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு.

பின்னால் தள்ளி முடித்த விமானத்தில் ஜன்னலோரம் இருக்கும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். வண்டி விலகிப் போகும். ஓர் ஊழியர் ஒதுங்கி, விமானி பார்க்கும் இடத்தில் நின்று, கையை உயர்த்திச் சிவப்புத் துணி தொங்கும் எதையோ காட்டுவார். வழியனுப்புவது போல இருக்கும். முன்சக்கரத்தின் ஆணியை எடுத்துவிட்டேன், நாங்கள் எல்லாரும் விலகிவிட்டோம் என்பதுதான் அதற்குப் பொருள். விமானி கையசைத்துப் பதில் சொல்வார். அதற்கு முன் சக்கரம் ஓர் அடியும் உருளக் கூடாது.

கால்களின் ஆணிகளுக்கு இப்படிக் காட்டும் சடங்கு கிடையாது. இரவில் இழுத்துச் சென்று நிறுத்திய விமானத்திலிருந்து அவற்றை உருவி, துணிப்பட்டையைச் சுற்றி, விமானி அறையில் அவற்றுக்கென உள்ள இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒன்று காலிலேயே தங்கிவிட்டால், விமானம் எழும்பிய பிறகு அந்தக் கால் மடங்காது. அதனால் காலையில் ஏ320-இன் விமானிகள் எஞ்சினைத் தொடுமுன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கும்: கியர் பின்களும் மூடிகளும். துணை விமானி எழுந்து, பின்பக்கம் கையை நீட்டி, சிவப்புத் துணிகளை எண்ணுகிறார். மூன்று இருக்க வேண்டும்.